விரைந்து விரியும் வரைபடம்

ஒரு நாட்டின் வரைபடம் கைப்பேசியில் விரியச் சற்றுத் தாமதமானால் நமக்குச் சலிப்பு மட்டுமே. ஆனால் அந்தத் தாமதம் உயிரோடு தொடர்புடையதாகும் வேளைகளும் உண்டு.

2010 ஜனவரி 12 அன்று ஹைட்டி நாட்டைக் கொடிய நிலநடுக்கம் தாக்கியது. தலைநகரின் தெருக்களைத் தெளிவாகக் காட்டும் வரைபடம் மீட்புப் பணியாளருக்குத் தேவைப்பட்டது. பல நாட்டுத் தொண்டர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்' என்னும் பொது வரைபடத்தில் சாலைகளை வரைந்தனர். மீட்புக் குழுவினர் அதைக் கையடக்கக் கருவிகளில் ஏற்றிச் சென்றனர். ஆகவே, வரைந்தால் மட்டும் போதாது. ஏற்ற வடிவில் சேமிக்கவும் வேண்டும். அவ்வடிவங்கள் யாவை?

முதலாவது, 'ஜியோஜேசன்'. இது மனிதர் படிக்கக்கூடிய எழுத்துக் கோப்பு. சில நூறு இடங்களைக் குறிக்க இதுவே எளிது. ஆனால் இது பொருளடக்கம் இல்லாத நூலைப் போன்றது. லட்சக்கணக்கான தெருக்கள் இருந்தால், ஒரு தெருவைக் காணவும் கோப்பு முழுவதும் வந்து சேர வேண்டும்.

இரண்டாவது, ஓடு முறை. உலகம் முழுவதும் முதலில் ஒரே சதுர ஓடு. ஒவ்வொரு முறை பெரிதாக்கும்போதும் ஓர் ஓடு நான்காகப் பிரியும். பத்தாம் நிலையில் 10,48,576 ஓடுகள்! எனினும், திரையில் தெரியும் சில ஓடுகள் மட்டுமே வரவழைக்கப்படுவதால் வேகம் கிடைக்கிறது. இத்தனை ஓடுகளையும் தனித்தனிக் கோப்புகளாகக் காப்பது பெருந்தொல்லை அன்றோ? 'பிஎம்டைல்ஸ்' அவற்றை ஒரே கோப்பில் அடுக்கி, எது எங்கே என்னும் அட்டவணையையும் உடன் வைக்கிறது.

மூன்றாவது, 'ஃபிளாட்ஜியோபஃப்'. 1984-இல் ஆன்டனின் கட்மன் வெளியிட்ட 'ஆர்-மரம்' என்னும் முறையின் வழியில், அருகருகே உள்ளவற்றை இது ஒரு பெட்டிக்குள் சேர்க்கிறது. நமக்கு வேண்டாத பகுதியின் பெட்டியைத் திறக்காமலே தள்ளிவிடலாம்.

அப்படியாயின் எதைத் தேர்வது? சில இடங்களுக்கு ஜியோஜேசன். பரந்த பின்னணி வரைபடத்துக்கு ஓடுகள். பெரிய தொகுப்பில் ஒரு பகுதியை மட்டும் ஆராய ஃபிளாட்ஜியோபஃப். இணையத் தொடர்பே இல்லாத இடமென்றால், புறப்படுமுன் கருவியிலேயே சேமித்தல் நலம்.

அடுக்கி வைத்த வீட்டில் இருட்டிலும் பொருள் கைக்கு வரும். அறிவும் அவ்வாறே: சேர்ப்பது பாதிப் பணி, தேவைப்படுவோர் கைக்கு உரிய நேரத்தில் எட்டுமாறு வைப்பதே மீதிப் பணி.