சீட் முதலில், மார்க் பிறகு!



நம்ம ஊர் முறை எல்லோருக்கும் தெரியும். மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை. மே மாதம் ரிசல்ட். அதற்குப் பிறகுதான் தரவரிசை, கலந்தாய்வு, சீட் எல்லாம். மார்க் தெரியாமல் சீட் கிடையாது.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துவிட்டு பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறவர்களுக்கு இது தலைகீழ். முதலில் சீட் கொடுத்துவிடுகிறார்கள். கடைசி செமஸ்டர் மார்க் அதற்கப்புறம்தான் வருகிறது. "அப்போ ஜாலிதானே?" என்று கேட்பீர்கள். அதுதான் இல்லை! என் பெரியப்பா மகள் அக்கா அங்கே ஒரு சமுதாயக் கல்லூரியில் படிக்கிறார். அவர் போனில் சொன்னதையும், நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

மாறுவது என்றால் என்ன?

கலிபோர்னியாவில் 1960-ஆம் ஆண்டு உயர்கல்விக்கு ஒரு பெரிய திட்டம் போட்டார்கள். பள்ளி முடித்தவர்களில் மேல்மட்ட மார்க் எடுத்த எட்டில் ஒரு பங்கினர் நேராகக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேரலாம். மற்றவர்களுக்குக் கதவை மூடிவிடவில்லை. சமுதாயக் கல்லூரியில் யார் வேண்டுமானாலும் சேரலாம். அங்கே இரண்டு வருஷம் நன்றாகப் படித்தால் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருஷத்துக்கு மாறலாம். இப்போது அந்த மாநிலத்தில் 116 சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன. பல்கலைக்கழகத்தின் 10 வளாகங்களில் 9 வளாகங்களில் இளநிலைப் படிப்பு உண்டு. பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ் எல்லாம் அதில்தான் வருகின்றன.

ஆக, பள்ளியில் மார்க் குறைந்தவருக்கும் இரண்டாவது வாய்ப்பு உண்டு. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

எவ்வளவு மார்க் வேண்டும்?

அங்கே நூற்றுக்கு இத்தனை என்று பார்ப்பதில்லை. ஏ என்றால் 4 புள்ளி, பி 3, சி 2, டி 1, எஃப் என்றால் பூஜ்யம். ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை யூனிட் என்று எடை உண்டு. புள்ளியை யூனிட்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த யூனிட்டால் வகுத்தால் சராசரி கிடைக்கும். உதாரணமாக 4 யூனிட் பாடத்தில் ஏ, 3 யூனிட் பாடத்தில் பி, இன்னொரு 3 யூனிட் பாடத்தில் சி என்று வைத்துக்கொள்வோம். 16 + 9 + 6 = 31. அதைப் பத்தால் வகுத்தால் 3.1.

கலிபோர்னியா பல்கலைக்கழகம் கேட்பவை:

1. மாற்றத்தக்க பாடங்களில் 60 செமஸ்டர் யூனிட் முடித்திருக்க வேண்டும்.

2. சராசரி குறைந்தது 2.4 இருக்க வேண்டும். வெளி மாநிலத்தார், வெளிநாட்டாருக்கு 2.8.

3. குறிப்பிட்ட 7 பாடங்களில் ஒவ்வொன்றிலும் சி அல்லது அதற்கு மேல் வாங்க வேண்டும். அதில் ஆங்கிலக் கட்டுரை எழுதும் பாடம் இரண்டு, கணக்கு ஒன்று. மீதி நான்கு அறிவியல், சமூகவியல், கலை போன்ற பிரிவுகளிலிருந்து.

இது விண்ணப்பிக்கத் தேவையான குறைந்த அளவுதான். போட்டி அதிகமுள்ள வளாகங்களிலும் படிப்புகளிலும் இதைவிட ரொம்ப மேலே இருந்தால்தான் இடம் கிடைக்கும்.

முடிவு எப்போது வரும்?

இதை ஒரு காலண்டர் மாதிரி பாருங்கள். அங்கே படிப்பு ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்குகிறது.

அக்டோபர், நவம்பர்: அடுத்த வருஷத்துக்கு விண்ணப்பம் போடும் காலம்.

ஜனவரி: முதல் செமஸ்டர் மார்க்கையும், அடுத்த செமஸ்டரில் படிக்கப்போகும் பாடங்களையும் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

மார்ச், ஏப்ரல்: முடிவு வரும். ஏப்ரல் 30-க்குள் எல்லாம் தெரிந்துவிடும்.

மே கடைசி: பல கல்லூரிகளில் கடைசி செமஸ்டர் பரீட்சை முடிகிறது.

ஜூன் 1: "இந்த இடத்தில் சேருகிறேன்" என்று சொல்லக் கடைசி நாள்.

ஜூலை 1: இறுதி மதிப்பெண் பட்டியல் போய்ச் சேர வேண்டும்.

கவனித்தீர்களா? ஏப்ரலில் சீட். மேயில் பரீட்சை. அதாவது செமஸ்டர் பாதியில் நடந்துகொண்டிருக்கும்போதே முடிவு வந்துவிடுகிறது!

கடிதத்தில் ஒளிந்திருக்கும் 'ஆனால்'

"உங்களைச் சேர்த்துக்கொள்கிறோம்" என்று வரும் கடிதத்தோடு நிபந்தனைகளும் வரும். ஒவ்வொரு வளாகமும் தனித்தனியாக எழுதும். சாராம்சம் ஒன்றுதான். விண்ணப்பத்தில் படிப்பதாகச் சொன்ன பாடங்களை முடிக்க வேண்டும். மார்க் சரியக் கூடாது. டி, எஃப் வாங்கக் கூடாது. ஏதாவது பாடத்தை விட்டாலோ மாற்றினாலோ உடனே தெரிவிக்க வேண்டும்.

அக்காவுக்கு இந்த வருஷம் ஏப்ரலில் சீட் வந்தது. புள்ளியியல் பாடம் அவருக்குக் கஷ்டம். "சீட்தான் கிடைச்சிருச்சே, இதை விட்டுடலாமான்னு பார்த்தேன். எங்க காலேஜ் ஆலோசகர்தான், விட்டா சீட்டும் சேர்ந்து போயிடும்னு சொன்னாங்க" என்றார். அப்புறம் ஒழுங்காக உட்கார்ந்து படித்து பி வாங்கினார்.

உண்மையாகவே சீட்டைத் திரும்ப எடுப்பார்களா?

எடுப்பார்கள். 2017-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் இதே பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகம், முதலாண்டில் சேர இருந்த 499 பேரின் சேர்க்கையை ரத்து செய்தது. எதிர்பார்த்ததைவிட சுமார் 850 பேர் அதிகமாகச் சேர ஒப்புக்கொண்ட வருஷம் அது. 499 பேரில் சுமார் 290 பேர் மீது சொன்ன காரணம் மதிப்பெண் பட்டியல் சிக்கல்! உரிய நேரத்தில் வந்து சேரவில்லை என்பது போன்றவை. மாணவர்கள் போராடினார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் வளாகத் தலைவர் ஹோவர்ட் கில்மன் மன்னிப்புக் கேட்டார். மார்க் தவிர வேறு காரணத்துக்காக நீக்கப்பட்டவர்களுக்கு இடம் திரும்பக் கிடைத்தது. மார்க் குறைந்தவர்களுக்கு அந்த அறிவிப்பு பொருந்தவில்லை. அவர்கள் முறையீடு செய்யத்தான் வழி இருந்தது.

இதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். மாணவரை நம்பி முன்கூட்டியே இடம் கொடுக்கிறார்கள். அதனால் வீடு பார்க்க, பணம் புரட்ட, ஊர் மாற அவகாசம் கிடைக்கிறது. பதிலுக்கு மாணவரும் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும். ஆனால் காகிதம் தாமதமானதற்காக ஒருவரின் ஒரு வருஷத்தைப் பறிப்பது நியாயமா? நீங்களே சொல்லுங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்!

ஒரு மாணவருக்குச் சீட் கடிதம் வந்துவிட்டது. கடைசி செமஸ்டரில் 4 யூனிட் பாடத்தில் பி, 3 யூனிட் பாடத்தில் ஏ, இன்னொரு 3 யூனிட் பாடத்தில் டி. சராசரி எவ்வளவு? சீட் நிலைக்குமா?

விடை: 12 + 12 + 3 = 27. பத்தால் வகுத்தால் 2.7. சராசரி 2.4-க்கு மேலேதான் இருக்கிறது. ஆனாலும் சீட் ஆபத்தில் இருக்கிறது! அந்த ஒரே ஒரு 'டி' கடிதத்தின் நிபந்தனையை மீறிவிட்டது. அவர் செய்ய வேண்டியது, மறைக்காமல் உடனே பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் காரணத்தைச் சொல்வதுதான்.

– பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி