இனமும் பெயரும்: இலற்றிக்கமில பற்றீரியாக்களின் பாகுபாடு குறித்துச் சில சிந்தனைகள்

பாகுபாடு இயற்கையிலேயே உள்ளதா, அன்றி மனிதர் அதன்மீது சுமத்துவதா என்பது மெய்யியலில் நெடுநாள் நிலவிவரும் வினாவாகும். இலக்கிய வகைமைகளை ஆராயும் நாம் இதனை அடிக்கடி எதிர்கொள்கிறோம். நுண்ணுயிரியலாளரும் இதனை எதிர்கொண்டுள்ளனர். பாற்கட்டி முதலிய புளித்த உணவுகளில் வாழும் இலற்றிக்கமில பற்றீரியாக்களுள் 'கேசி' குழுவின் வரலாறு இவ்வகையில் நமது கவனத்துக்குரியது.

டென்மார்க்கைச் சேர்ந்த ஓர்லா-யென்சன் 1919இல் இப்பற்றீரியாக்களை முறைப்படி வகைப்படுத்தினார். கலத்தின் வடிவம், வளரும் வெப்பநிலை, புளிக்கவைக்கும் சர்க்கரைகள் ஆகியன அவர் கொண்ட அளவுகோல்களாகும். நெடுங்காலம் பயன்பட்ட இம்முறை நெருங்கிய உறவுடைய இனங்களிடையே தடுமாறிற்று. பாற்சர்க்கரையைப் பயன்படுத்தும் திறன் சிலவற்றில் பிளாசுமிட்டு எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையங்களில் தங்கியுள்ளது. இவ்வளையங்கள் இழக்கப்படலாம், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லவுங்கூடும். எனவே ஓரினத்தவை வேறுபட்டும், வேறினத்தவை ஒத்தும் தோன்றலாயின. தோற்றமும் சாரமும் ஒன்றாயின் அறிவியலுக்குத் தேவையே இராது.

பரம்பரைப் பொருளை நேரடியாக ஒப்பிடும் முறை பின்னர் வந்தது. ஆயினும், பொதுவாகக் கையாளப்படும் 16எஸ் றைபோசோம் ஆர்.என்.ஏ. பரம்பரையலகு கேசி, பராகேசி, ராம்னோசசு ஆகிய மூன்றிலும் 98 சதவீதத்துக்கு மேல் ஒத்திருப்பதால், அது தனித்து இவற்றைப் பிரித்தறியப் போதாது. டி.என்.ஏ. கலப்பாய்வில் 70 சதவீத ஒப்புமை இன எல்லையாக 1987இல் பரிந்துரைக்கப்பட்டது. இன்று முழு மரபுத்தொகுதிகளை ஒப்பிட்டு, சராசரி ஒப்புமை 95 முதல் 96 சதவீதம் என்பதை எல்லையாகக் கொள்கின்றனர். எல்லையை வகுப்பவர் மனிதரே. எனினும், அவர்கள் அளப்பது மனிதர் ஆக்காத ஓர் உறவையாகும்.

பெயரின் கதையோ வேறு. விதிப்படி, ஓர் இனத்தின் பெயர் அதன் மாதிரிக் குலவகை ஒன்றுடன் பிணைக்கப்படுகின்றது. கேசிக்கு அவ்வாறு அமைந்தது ஏ.டி.சி.சி. 393 என்னும் குலவகை. கேசி என வழங்கிய பெரும்பாலானவை இம்மாதிரியிலிருந்து விலகி நிற்பது ஆய்வுகளிற் புலனாயிற்று. எனவே 1989இல் அவற்றுக்குப் 'பராகேசி' என்னும் புதுப்பெயர் முன்மொழியப்பட்டது. மாதிரியையே மாற்றி, பெரும்பான்மைக்குப் பழைய பெயரை மீட்டளிக்க வேண்டுமென 1996இல் எதிர்வாதம் எழுந்தது. பற்றீரியப் பெயரீட்டுக்கான நீதிக்குழு 2008இல் அதனை நிராகரித்தது. மாதிரி என்பது பெயரின் உடைமையாளனேயன்றி இனத்தின் பிரதிநிதியன்று என்பதை இத்தீர்ப்புத் தெளிவாக்குகின்றது.

இது வெறும் சொற்பிணக்கன்று. கேசி என்னும் பெயரில் விற்பனையான குலவகைகள் பல உண்மையிற் பராகேசியைச் சார்ந்தவை. உடல்நலப் பயனோ குலவகைக்குக் குலவகை வேறுபடக்கூடியது. ஒன்றிற் கண்ட பயனைப் பொதுப்பெயரின் துணையுடன் மற்றொன்றுக்கும் உரித்தாக்கும் வாய்ப்பு அங்குண்டு. சந்தையில் பெயரும் ஒரு சரக்காகிவிடுகின்றது. 2020இல் இலற்றோபசிலசு பேரினத்தின் 261 இனங்கள் 25 பேரினங்களாகப் பகுக்கப்பட்டன. கேசி குழு 'இலற்றிகேசிபசிலசு' என்னும் பேரினமாயிற்று. வணிகப் பயன்மிக்க இனங்கள் பல சென்றடைந்த பேரினங்களின் இலத்தீனப் பெயர்கள் பழைய 'எல்' எழுத்திலேயே தொடங்குகின்றன. பழைய சுருக்கக் குறியீடு இதனால் நிலைபெற்றது. அறிவியலின் பெயரீடும் சமூக வாழ்வுக்கு வெளியே நிகழ்வதன்று.

எனவே, இனங்கள் மாறாச் சாரங்கள் என்பதும், அவை வெறும் பெயர்கள் என்பதும் ஒருங்கே தவறாகும். இயற்கையில் உறவுகள் உள்ளன. அவை வரலாற்றில் உருவானவை, மாறிக்கொண்டிருப்பவை. அவற்றை அறியும் கருவிகளும் வரலாற்றில் வளர்கின்றன. பெயர் பின்தங்கி வருகின்றது. அவ்விடைவெளியால் நன்மை பெறுவோர் யாவர் என வினவுவது ஆய்வாளர் கடமையாகும்.