‘பரிபூரண பலன்’: ரோமன் கத்தோலிக்கர் அதை அடையும் முறையும் நம் பதிலும்

நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாள். கத்தோலிக்கரும் நம் சபையாரும் ஒரே நாளில் கல்லறைகளைக் கழுவி, வெள்ளையடித்து, மலர் தூவி, மெழுகுவர்த்தி ஏற்றி நிற்பது நம் ஊர்களில் பெருவழக்கு. சில ஆண்டுகளுக்கு முன் அந்நாளில் நாம் ஜெபம் நடத்தச் சென்றிருந்தபோது, நம் சபையைச் சேர்ந்த ஒரு தாயார் எம்மை அணுகினார். அவர் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, திருமணத்தால் நம் சபைக்கு வந்தவர். அவருடைய அண்ணன் அவ்வாரம் முழுவதும் நாள்தோறும் தாயின் கல்லறைக்கு வந்து ஜெபிக்கிறாராம். அதனால் தாயின் ஆத்துமாவுக்குப் பரிபூரண பலன் கிடைக்கும் என்கிறாராம். “ஐயா, நான் இன்று ஒரு நாள்தான் வந்தேன். என்னால் அம்மாவுக்கு ஒன்றும் இல்லையா?” என்று கேட்டார்.

நாம் சற்றும் யோசியாமல், “அது லூத்தர் காலத்தில் விற்ற பாவமன்னிப்புச் சீட்டு அம்மா, அதை நம்பாதீர்கள்” என்றோம். அவர் நம்மைப் பார்த்து, “சீட்டு ஒன்றும் இல்லையே ஐயா, அண்ணன் ஜெபம்தானே செய்கிறார்?” என்றார். நம்மிடம் மறுமொழி இல்லை. திருச்சபை வரலாற்றைப் பல ஆண்டுகள் போதித்தவருக்கு அது வெட்கமாகவே இருந்தது. அயலானுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருக்கும் கற்பனை (அதை எட்டாவதாக எண்ணுவோர்க்கும் ஒன்பதாவதாக எண்ணுவோர்க்கும்) இறையியல் வகுப்பறையிலும் செல்லும் அல்லவா? ஆதலால் ரோமச் சபையார் இன்று இவ்விஷயத்தில் போதிப்பது யாது, செய்வது யாது என்பதை முதலில் உள்ளபடி அறிந்து, பின்னரே நம் மறுப்பைக் கூறுவோம்.

சொற்களிலேயே தடுமாற்றம் தொடங்குகிறது. ‘பாவமன்னிப்புச் சீட்டு’ என்பது நம் பள்ளி வரலாற்று நூல்கள் பரப்பிய சொல். அதில் இரு பிழைகள் உள்ளன. ரோமச் சபையின் போதனைப்படி இது பாவமன்னிப்பு அன்று. இப்போது சீட்டும் அன்று. கத்தோலிக்கர் தமிழில் வழங்கும் ‘பலன்’ என்னும் சொல்லோ வேறொரு வகையில் மயக்குகிறது. விரத பலன், யாத்திரை பலன் என்று கேட்டுப் பழகிய செவிக்கு, இத்தனை செய்தால் இத்தனை கிடைக்கும் என்றே அது ஒலிக்கும். மூலமான லத்தீன் சொல்லின் பொருள் தயவு, தண்டனையைத் தளர்த்துதல் என்பதே. ரோமப் பேரரசில் அரசன் வரியையோ தண்டனையையோ தள்ளிவிடுவதைக் குறித்த சொல் அது.

1967ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி பாப்பரசர் ஆறாம் பவுல் வெளியிட்ட சாசனமும், 1983ஆம் ஆண்டின் சபைச் சட்டத் தொகுப்பும் தரும் இலக்கணம் இதுவே: குற்றம் ஏற்கெனவே மன்னிக்கப்பட்ட பாவங்களுக்குரிய அநித்தியத் தண்டனையைத் தேவனுக்கு முன்பாகத் தள்ளிவிடுதல். பாவத்தின் குற்றமும் நித்திய தண்டனையும் பாவசங்கீர்த்தனத்தில் நீங்கிவிடுகின்றன. ஆயினும் பாவம் விட்டுச்சென்ற சீர்கேடு ஒன்று எஞ்சி நிற்கிறது. அது இம்மையிலோ, மரித்தபின் உத்தரிக்கிற ஸ்தலத்திலோ சுத்திகரிக்கப்பட வேண்டும் என்பர். குடியால் குடும்பத்தைக் கெடுத்த ஒருவன் மனந்திரும்பி வீடு வருகிறான், மனைவி மன்னிக்கிறாள். எனினும் கடனும், பழுதான ஈரலும், பிள்ளைகளின் அச்சமும் அன்றிரவே மறைந்துவிடுவதில்லை. 2 சாமுவேல் 12இல் நாத்தான் தாவீதுக்கு மன்னிப்பை அறிவித்த பின்னரும் பிள்ளை மரித்ததை அவர்கள் சான்றாகக் காட்டுவர். இதுவரை கூறியதில் நம் மேய்ப்பு அனுபவத்துக்கு முற்றிலும் அந்நியமானது எதுவும் இல்லை என்பதை ஒப்புக்கொள்வோம்.

இனி அடையும் முறை. பலன் இருவகைப்படும்: தண்டனை முழுவதையும் நீக்குவது பரிபூரண பலன், ஒரு பகுதியை நீக்குவது பகுதிப் பலன். பரிபூரண பலனை நாடுவோர் குறிக்கப்பட்ட பக்திச் செயலைச் செய்வதோடு பாவசங்கீர்த்தனம் செய்து, நற்கருணை பெற்று, பாப்பரசரின் கருத்துகளுக்காக ஜெபிக்க வேண்டும். இந்த ஜெபத்துக்கு ஒரு பரமண்டல ஜெபமும் ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபமும் போதும். வேறு ஜெபமும் சொல்லலாம். பாவசங்கீர்த்தனம் அதே நாளில் இருக்க வேண்டுவதில்லை. முன்னோ பின்னோ ஏறத்தாழ இருபது நாட்களுக்குள் என்று 2000ஆம் ஆண்டில் ரோமையின் உரிய அலுவலகம் விளக்கியது. ஒரு பாவசங்கீர்த்தனம் பல நாட்களின் பலன்களுக்குப் போதும். நற்கருணையும் ஜெபமும் ஒவ்வொரு முறைக்கும் தனித்தனியே வேண்டும். மரணத் தறுவாய் நீங்கலாக, பொதுவிதிப்படி ஒரு நாளில் ஒரு பரிபூரண பலனே பெற இயலும்.

இவற்றுக்கு மேல் ஒரு நிபந்தனை உண்டு. நம் மாணவர் எவரும் அதைப் பரீட்சைத் தாளில் எழுதி நாம் கண்டதில்லை. அற்பப் பாவம் உட்பட எந்தப் பாவத்தின்மேலும் உள்ளத்தில் பற்று இருத்தலாகாது என்பதே அது. இதைப் பணத்தால் வாங்க முடியாது. குருவானவர் சான்றளிக்கவும் முடியாது. இது குறைவுபட்டால் கிடைப்பது பகுதிப் பலனே என்று சாசனம் கூறுகிறது. பரிபூரண பலன் மலிவான பண்டம் என்று நகைப்போர் இவ்வொரு வரியைத் தம் இருதயத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

எந்த நாளிலும் பரிபூரண பலன் தரக்கூடியவையாக நான்கு பக்திச் செயல்கள் சிறப்பாகக் குறிக்கப்பட்டுள்ளன. நற்கருணை முன்னிலையில் அரைமணி நேரமாவது ஆராதித்தல். சிலுவைப் பாதையைத் தியானித்தல். ஆலயத்திலோ குடும்பமாகவோ கூடிச் செபமாலை சொல்லுதல். அரைமணி நேரமாவது வேதத்தை வாசித்தல். கடைசியானது நம்மவர் பலரை வியப்பில் ஆழ்த்தும். டெட்சலின் பெயரைச் சொல்லும் நாம், வேதவாசிப்புக்கும் அதே பலன் அறிவிக்கப்பட்டிருப்பதைச் சொல்வதில்லை. கல்லறைக்கு வருவோம். நவம்பர் 1 முதல் 8 வரை ஒவ்வொரு நாளும் கல்லறைத் தோட்டத்தைச் சந்தித்து, மனதளவிலேனும் மரித்தோருக்காக ஜெபிப்போர் மேற்கண்ட நிபந்தனைகளோடு பரிபூரண பலன் பெறலாம்; அது மரித்தோருக்கு மட்டுமே ஒப்புக்கொடுக்கத் தக்கது. ஆகவே அந்தத் தாயாரின் அண்ணன் தம் சபையின் விதியைப் பிசகாமல் கைக்கொண்டிருக்கிறார். உயிரோடிருக்கும் மற்றொருவருக்காகப் பலன் பெற இயலாது. மரித்தோருக்கு மட்டும் மன்றாட்டு முறையில் ஒப்புக்கொடுக்கலாம்.

பகுதிப் பலனுக்கு வழிகள் மிகப் பல. பழைய ஜெபப் புத்தகங்களில் ஜெபத்தின் கீழே ‘300 நாள்’, ‘7 வருஷம்’ என்று அச்சிட்டிருப்பதை முதியோர் கண்டிருப்பர். உத்தரிக்கிற ஸ்தலத்தில் அத்தனை நாள் குறையும் என்றே சாதாரண மக்கள் எண்ணினர். ஆதிச் சபையில் அத்தனை நாள் செய்யும் பகிரங்கத் தவத்துக்கு ஈடு என்பதே அதன் உண்மைப் பொருள். 1967இல் இந்த நாட்கணக்கு முழுவதும் ஒழிக்கப்பட்டது. அதன்பின் வந்த பலன்களின் கைந்நூல், தன் கடமையைச் செய்துகொண்டே தேவனை நோக்கி மனதை உயர்த்துவதையும், வறியோர்க்குத் தன்னையோ தன் பொருளையோ கொடுப்பதையும், விரும்பிய இன்பமொன்றைத் தவமாக விட்டுவிடுவதையும் பகுதிப் பலனுக்குரியவையாகக் கூறியது. 1999ஆம் ஆண்டுப் பதிப்பு, அன்றாட வாழ்வில் விசுவாசத்துக்கு வெளிப்படையாகச் சாட்சி பகர்வதையும் சேர்த்தது. 2025ஆம் ஆண்டு யூபிலிக்கான விதிகளோ, வாரத்தில் ஒரு நாளாவது வீண் பொழுதுபோக்குகளையும் சமூக ஊடகங்களையும் விட்டிருப்பதைக்கூடப் பலனுக்குரிய தவமாகச் சேர்த்துக்கொண்டன.

வரலாற்றை நம் மாணவர் அறிவர். சுருக்கமாகத் தொட்டுச் செல்வோம். மூன்றாம் நூற்றாண்டின் உபத்திரவத்தில் விசுவாசத்தை மறுதலித்தவர்கள், சிறையிலிருந்த சாட்சிகளிடம் பரிந்துரைக் கடிதம் பெற்றுவந்து தவத்தைக் குறைக்கக் கேட்டனர். கார்த்தேஜ் அத்தியட்சர் சிப்ரியான் இதைக் கையாளப் பட்ட பாடு அவருடைய நிருபங்களில் உள்ளது. 1095இல் இரண்டாம் உர்பான், சிலுவைப் போருக்குச் செல்வதே முழுத் தவத்துக்கும் ஈடு என்றார். 1343இல் ஆறாம் கிளெமெந்து, கிறிஸ்துவும் பரிசுத்தவான்களும் ஈட்டிய புண்ணியங்களின் பொக்கிஷம் சபையின் வசத்தில் உண்டு என்று அறிவித்தார். 1476இல் நான்காம் சிக்ஸ்துஸ் அதை மரித்தோருக்கும் விரித்தார். புனித பேதுரு ஆலயக் கட்டடப் பணிக்கென 1515இல் பத்தாம் லியோ அளித்த பலனும், மைன்ஸ் பேராயர் ஆல்பர்ட்டின் கடனும், டெட்சலின் பிரசங்கமும் 1517 அக்டோபர் 31க்குக் கொண்டுசென்றன. அரை நூற்றாண்டு கழித்து, 1567இல், ஐந்தாம் பயஸ் பணம் சம்பந்தப்பட்ட எல்லாப் பலன்களையும் ரத்துசெய்தார். “சீட்டு ஒன்றும் இல்லையே” என்று அந்தத் தாயார் சொன்னது 450 ஆண்டுகளுக்கு மேலாகவே உண்மை. நாம்தான் அதைக் கவனிக்கவில்லை.

லூத்தருடைய தொண்ணூற்றைந்து வாசகங்களையும் முழுவதும் வாசித்தோர் நம்மில் சிலரே. 71ஆம் வாசகத்தில் அவர் பலன்களின் உண்மையை மறுப்போரைக் கண்டிக்கவும் செய்கிறார்! அந்நாளில் அவர் எதிர்த்தது முறைகேட்டையும் பொய்ப் பாதுகாப்பையுமே. ஆனால் 36ஆம் வாசகத்திலும் 62ஆம் வாசகத்திலும் விதை இருக்கிறது. மெய்யாக மனஸ்தாபப்படும் கிறிஸ்தவனுக்குச் சீட்டில்லாமலே முழு விடுதலை உண்டு என்றும், சபையின் மெய்யான பொக்கிஷம் சுவிசேஷமே என்றும் அவர் அங்கே கூறுகிறார்.

ஆகவே இன்று நம் மறுப்பு பணத்தைப் பற்றியதாக இருக்க முடியாது. அது இரண்டு இடங்களில் நிற்கிறது. தண்டனையைப் பற்றி ரோமச் சபையின் 1992ஆம் ஆண்டு மறைக்கல்வி நூல் அருமையான விளக்கம் தருகிறது. அது தேவன் புறத்தேயிருந்து சுமத்தும் பழிவாங்குதல் அன்று, பாவத்தின் தன்மையிலிருந்தே விளைவது என்கிறது. நாமும் எபிரெயர் 12ஐ அவ்விதமே, பகைவனின் தண்டனையாக அன்றித் தகப்பனின் சிட்சையாகப் போதிக்கிறோம். ஆனால் அவ்விளக்கம் சரியானால் ஒரு கேள்வி எழுகிறது. பழுதான ஈரல் ஆணையால் குணமாகுமா? பாவம் உள்ளத்தில் விட்டுச்சென்ற கோணல், ஒரு நாளின் குறிக்கப்பட்ட செயலுக்காக, சபை அதிகாரத்தின் அறிவிப்பால் முற்றும் நிமிருமா? தண்டனையை எவ்வளவுக்கு உள்ளார்ந்ததாக விளக்குகிறார்களோ, அவ்வளவுக்கு அதை அதிகாரத்தால் நீக்குவது விளங்காததாகிறது. கத்தோலிக்க இறையியலாளர் கார்ல் ரானர் இதை உணர்ந்தே, பலன் என்பது சபையின் உறுதியான மன்றாட்டு என்று விளக்க முயன்றார். ஆறாம் பவுலின் சாசனமோ, சபை ஜெபிப்பதோடு நில்லாமல் தன் அதிகாரத்தால் பொக்கிஷத்தைப் பங்கிடவும் செய்கிறது என்று வலியுறுத்தியது.

இரண்டாவது இடம் அந்தப் பொக்கிஷமே. கிறிஸ்துவின் புண்ணியம் முடிவற்றது என்று அவர்களும் அறிக்கையிடுகின்றனர். முடிவற்றதோடு பரிசுத்தவான்களின் புண்ணியத்தைச் சேர்ப்பது எதற்கு? சரீரத்தின் அவயவங்கள் ஒன்றையொன்று தாங்குகின்றன என்பதே இதன் கருத்தென்றால் நாமும் ஆமென் என்போம். ஆனால் தாங்குதல் வேறு, கருவூலத்திலிருந்து வழங்குதல் வேறு. 1999இல் ஆக்ஸ்பர்க்கில் கையெழுத்தான நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கை இதைத் தீர்க்கவில்லை. கையெழுத்தான சில வாரங்களில் தொடங்கிய யூபிலியும் வழக்கமான பலன்களோடே வந்தது.

நம் வீட்டையும் பார்த்துக்கொள்வோம். இத்தனை வாரம் உபவாச ஜெபத்துக்கு வந்தால் இன்ன காரியம் கைகூடும், இந்தப் பொருத்தனைக் காணிக்கைக்கு இன்ன ஆசீர்வாதம் என்று நம் சபைகளின் அறிவிப்புப் பலகையிலேயே கண்டிருக்கிறோம். பரிபூரண பலனுக்காவது பாவசங்கீர்த்தனம் நிபந்தனையாக உண்டு.

மறு ஆண்டு கல்லறைத் திருநாளில் அந்தத் தாயாரை மீண்டும் கண்டோம். முன்னே சொன்னது தவறு என்று முதலில் ஒப்புக்கொண்டோம். “உங்கள் அண்ணன் எதையும் வாங்கவில்லை அம்மா, அன்பினால் ஜெபிக்கிறார். ஆனால் உங்கள் அம்மா கிறிஸ்துவின் கரத்தில் இருக்கிறார், அவர் இளைப்பாறுவது நீங்கள் வந்த நாட்களின் கணக்கில் இல்லை” என்றோம். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, “அப்படியானால் அம்மா பெயரைச் சொல்லி நான் ஜெபிக்கலாமா, கூடாதா?” என்றார். பெயரைச் சொல்லி நன்றி செலுத்துங்கள் என்றோம். ரோமர் 8இன் கடைசிப் பகுதியை வாசித்தோம். அண்ணன் ஏற்றிவைத்திருந்த மெழுகுவர்த்தி காற்றில் அணைந்திருந்தது. அவர் அதை மறுபடியும் ஏற்றிவைத்துவிட்டு வந்தார்.