இருபது நிமிடத் தூரம், ஒரு மணி நேரப் பயணம்

ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர், வைனு பாப்பு வானாய்வகத்தால் பெயர் பெற்ற ஊர். அங்கிருந்து நேர்கோட்டில் பெங்களூரு விமான நிலையம் சுமார் 140 கி.மீ.; சென்னை மீனம்பாக்கம் சுமார் 150 கி.மீ. இந்த இரண்டு நிலையங்களுக்கும் இடையே 270 கி.மீ.கூட இல்லை. மணிக்கு 800 கி.மீ. பறக்கும் ஜெட் விமானம் இருபது நிமிடத்தில் போய்விட வேண்டும். டிக்கெட்டில் மட்டும் ஏன் ஒரு மணி நேரத்துக்கும் மேல் போட்டிருக்கிறது?

தூரத்தில் சூது எதுவும் இல்லை. இரு விண்மீன்களுக்கு இடையிலான கோணத்தை வானியலாளர்கள் கணிக்கிற அதே கோள முக்கோணவியல்தான் இங்கும். அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிந்தால், இரு ஊர்களும் பூமியின் மையத்தில் உண்டாக்கும் கோணம் கிடைத்துவிடும். சென்னை–பெங்களூருக்கு அது சுமார் 2.4 பாகை, அதாவது பாகையின் சிற்றலகான கலையில் 145. கலைக்கு ஒரு கடல் மைல். கடல் மைலுக்கு 1.852 கி.மீ. பெருக்கினால் 268 கி.மீ.

நேரம்தான் வில்லங்கம். விமானம் நிற்குமிடத்திலிருந்து நகர்ந்த நொடி முதல், போய்ச் சேர்ந்து நிற்கும் நொடி வரை எல்லாமே பயண நேரம். ஓடுபாதைக்கு ஊர்வதும், முன்னால் நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருப்பதும் அதில் அடங்கும். பறக்கத் தொடங்கியபிறகும் முழு வேகம் கிடையாது. 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட், அதாவது மணிக்குச் சுமார் 460 கி.மீ.தான் உச்சவரம்பு. ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல் வேண்டும் என்பது விமானிகளின் மனக்கணக்கு. 30,000 அடிக்கு ஏறிவிட்டால், பெங்களூருக்குச் சுமார் 170 கி.மீ. முன்பே, அதாவது வேலூரை எட்டுமுன்பே இறங்கத் தொடங்க வேண்டும்! அதனால் இந்தத் தடத்தில் அவ்வளவு உயரம் போவதில் பயனில்லை. மணிக்கு 500 கி.மீ. செல்லும் ஏடிஆர் புரொப்பெல்லர் விமானம் இங்கே ஜெட்டைவிடப் பெரிதாகப் பின்தங்காததும் இதனால்தான்.

இறங்குவதும் முழு இறக்கம் அல்ல. பெங்களூரு விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 915 மீட்டர் உயரம். காவலூர் வானாய்வகமோ 725 மீட்டர்தான்.

நீண்ட பயணங்களில் காற்றும் கணக்கில் சேரும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே, மிக உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு காற்று விரைகிறது. 1950களில் அதை இனங்கண்டவர் இந்திய வானிலையாளர் பி. கோட்டீஸ்வரம். சென்னையிலிருந்து வளைகுடாவுக்குப் போகும் விமானத்துக்கு அது பின்னிருந்து உதவும். திரும்பும்போது எதிர்த்து நிற்கும்.

இனி பயணிக்கு உதவும் கணக்கு. 2022 நவம்பரில் தொடங்கிய சென்னை–மைசூரு வந்தே பாரத், ஜவ்வாது மலையின் மேற்குப்புறத்து ஜோலார்பேட்டை வழியாகச் சுமார் 360 கி.மீ. ஓடி, நாலரை மணி நேரத்துக்குள் பெங்களூரு நகரின் நடுவில் இறக்கிவிடுகிறது. விமானத்துக்கு முன்கூட்டியே போய்க் காத்திருக்கும் நேரத்தையும், விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியிலிருந்து நகருக்குள் 35 கி.மீ. வர ஆகும் நேரத்தையும் சேர்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பெங்களூரில் வேறு விமானம் பிடிக்கவேண்டியவர்கள் பறக்கட்டும். ஊருக்குள் வேலை இருப்பவர்களுக்கு ரயிலே மேல்.