காரைக்கால்மேட்டுக் கருவாடும் நம் இல்லத்துச் சேமிப்பும்

சித்திரை பிறந்த மறுநாள் முதல் காரைக்கால்மேட்டு விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் பருவம் என்பதால் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாட்கள், கிழக்குக் கடற்கரை முழுவதிலும் அவற்றுக்குத் தடை. முன்னர் 45 நாட்களாக இருந்த இத்தடை பின்னர் நீட்டப்பெற்றது. கட்டுமரமும் துடுப்புப் படகும் மட்டும் கரையோரம் போய் வரும். அவை கொணரும் மீன் கைப்பிடியளவு. விலையோ கைக்கு எட்டாதது. கூடை சுமந்து நம் தெருவுக்கு வரும் காரைக்கால்மேட்டுப் பெண்களின் குரல் அந்நாட்களில் குறைந்துவிடுகின்றது. "இன்றைக்கு என்ன ஆணம்?" என்னும் கேள்வி நகரத்து முஸ்லிம் இல்லங்களில் பெரிதாக எழுகின்றது.

வியப்பு என்னவெனில், கடலையே நம்பி வாழும் காரைக்கால்மேட்டு அடுக்களைகளில் அந்தக் கேள்வி அவ்வளவு பெரிதாக எழுவதில்லை. வருமானம் நின்றுவிட்ட கவலை அங்கே நிரம்ப உண்டு. அரசு தரும் தடைக்கால நிவாரணம் போதாது என்ற குறையும் உண்டு. ஆயினும் சோற்றுக்குத் துணை இல்லாமற்போவதில்லை. மாசி, பங்குனி வெயிலில் காயவைத்த கருவாடு பானையில் இருக்கின்றது. மீன் மிகுதியாகப் பட்டு விலை சரிந்த நாளில், வந்த விலைக்குத் தள்ளிவிடாமல் ஒரு பங்கை உப்பிலிட்டு வைத்த பெண்ணின் முன்யோசனை அது.

அவ்வூரிலிருந்து நெடுந்தூரத்தில் நாம் வாழவில்லை. அதே கடல், அதே வெயில், அதே வேதாரணியத்து உப்பு. ஆனால் மலிவான நாளில் வாங்கியதைக் குளிர்ப்பெட்டியில் அடைக்கின்றோம். தடைக்காலத்தில் அதே ஊர்க் கருவாட்டைக் கடையில் பன்மடங்கு விலை கொடுத்து வாங்குகின்றோம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபோது நாகை, வேதாரணியம் பகுதிகளில் பல நாட்கள் மின்சாரம் இல்லை. குளிர்ப்பெட்டியில் இருந்ததெல்லாம் குப்பைக்குப் போயிற்று. 2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு வந்தது, விமானங்கள் நின்றன, வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வேலையிழந்த பிள்ளைகள் பணம் அனுப்ப இயலாமல் தவித்தனர். அயலிலிருந்து வரும் பணத்தில் அடுப்பெரியும் வீடுகள் நம்மில் எத்தனை என்பதை அந்த மாதங்களில்தான் எண்ணிப் பார்த்தோம்.

சேமித்து வைப்பது தவக்குலுக்கு மாறானது என்று கருதுவோர் சிலர் உளர். நபி யூசுஃப் (அலை) அவர்கள் மிஸ்ரு நாட்டுக்குச் சொன்ன ஆலோசனையை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். ஏழு ஆண்டுகள் விளைந்ததில், உண்பதற்கு வேண்டிய சிறிதளவு போக, எஞ்சியதைக் கதிரிலேயே விட்டு வைக்கும்படி அவர்கள் கூறியதைத் திருக்குர்ஆன் எடுத்துரைக்கின்றது. தானியத்தைக் கதிரோடு வைத்தால் பூச்சி எளிதில் அண்டாது. ஆக, அது சேமிக்கச் சொன்ன கட்டளை மட்டுமன்று. சேமிக்கும் முறையும் அதில் அடங்கியுள்ளது. நாயகம் (ஸல்) அவர்களே தம் குடும்பத்தாருக்கு ஓராண்டு உணவை ஒதுக்கி வைத்ததாக ஹதீஸ் நூல்களில் காண்கின்றோம்.

கடற்கரைக்காரர்களாகிய நமக்கு அவற்றினும் நெருக்கமான வரலாறு ஒன்றுண்டு. அபூ உபைதா (ரலி) அவர்கள் தலைமையில் முந்நூறு தோழர்கள் கடலோரம் அனுப்பப்பட்டனர். கைவசமிருந்த பேரீச்சம்பழம் நாளொன்றுக்கு ஆளுக்கு ஒன்று என்னும் அளவுக்குக் குறைந்து, பின்னர் அதுவும் தீர்ந்தது. மரத்து இலைகளை அடித்து உதிர்த்துத் தின்றார்கள். அப்போது கடல் ஒரு மாபெரும் மீனைக் கரையில் ஒதுக்கிற்று. பல நாட்கள் அதனை உண்டு உடல் தேறினர். அத்துடன் நின்றார்களா? எஞ்சிய இறைச்சியைப் பதப்படுத்தி வழித்துணையாக மதீனாவரை கொண்டு வந்தனர். செய்தியைக் கேட்ட நாயகம் (ஸல்) அவர்கள், அது அல்லாஹ் வெளிப்படுத்திய உணவு என்று கூறி, தமக்கும் அதில் ஏதேனும் உண்டா எனக் கேட்டு வாங்கி உண்டார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. கடல் உணவை ஆகுமாக்கும் இறைவசனமும், நமக்கும் பயணிகளுக்கும் அது பயன் என்றே கூறுகின்றது. வளைகுடாவுக்குப் புறப்படும் மகனின் பெட்டியில் நெத்திலிப் பொட்டலம் வைக்கும் தாய்மார்கள் இதனை அறிந்து மகிழலாம்.

இனிச் செய்முறைக்கு வருவோம். நான் இதனைக் கற்றது நூலிலிருந்து அன்று. முதலில் கெடுத்து, அதன் பிறகே கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூடை வாளையை மலிவாக வாங்கி, அறுத்து, உப்பைத் தூவி, மொட்டைமாடியில் பரப்பினேன். இரவில் எடுத்து வைக்கும் எண்ணமே எழவில்லை. மூன்றாம் நாள் அதில் புழு நெளிந்தது. வழக்கமாக மீன் தரும் காரைக்கால்மேட்டு அக்காவிடம் முறையிட்டேன். அவர் சிரித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "மீனை உப்பிலே போட்டீங்களா, உப்பை மீன் மேலே தூவினீங்களாம்மா?"

அக்கேள்வியில் பாதிப் பாடம் இருக்கின்றது. வாளை, பாறை, சுறா போன்றவற்றைச் செவுளும் குடலும் நீக்கி, முதுகுவாக்கில் பிளந்து, குருதி போகக் கழுவ வேண்டும். நான்கு பங்கு மீனுக்கு ஒரு பங்கு கல்லுப்பு. தடித்த மீனாயின் மூன்றுக்கு ஒன்று. மண்பானையிலோ பிளாஸ்டிக் வாளியிலோ அடியில் உப்பு, மேலே மீன், அதன்மேல் உப்பு என்று அடுக்கிப் பளுவேற்றி மூட வேண்டும். உலோகப் பாத்திரம் ஆகாது. உப்பு அதனை அரித்துவிடும். சிறிது நேரத்தில் மீன் தன் நீரை விடத் தொடங்கும். அந்த உப்புநீரிலேயே அது மூழ்கிக் கிடக்க வேண்டும். ஓரிரவு முதல் இரண்டு நாள் வரை, பருமனுக்கு ஏற்றபடி. உப்பு மீனுக்குள் புகுகின்றது, நீர் வெளியேறுகின்றது. அழுகச் செய்யும் கிருமிகள் வாழ ஈரம் இன்றிப் போகின்றன. வெயில் எஞ்சிய வேலையை முடித்து வைக்கின்றது.

வெயிலில் இடுமுன் மேலே படிந்த உப்பைக் கழுவிவிட வேண்டும். அது ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் கருவாடு கசிந்துபோகும். தரையிலோ மணலிலோ பரப்புதல் கூடாது. மணலில் காய்ந்த கருவாட்டை எத்தனை முறை அலசினாலும் பல்லில் நறநறக்கும். நாயும் காகமும் தீண்டிய தூய்மைக்கேடு வேறு. இடுப்பளவு உயரத்தில் மூங்கில் கட்டி, அதன்மேல் பழைய நைலான் வலையை இழுத்துக் கட்டினால் மேலும் கீழும் காற்றோடும், விரைவில் காயும். பழைய கொசுவலை ஒன்றை மேலே மூடினால் ஈ அண்டாது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்தார் சூரிய உலர்த்திகளையே வடிவமைத்துள்ளனர். ஒரு குடும்பத்துக்கு மூங்கிலும் வலையும் போதும்.

லுஹர் வரை ஒரு பக்கம், அதன் பின் மறுபக்கம். மஃரிபுக்கு முன் கட்டாயம் உள்ளே எடுத்துவிட வேண்டும். இரவுப் பனி பட்டால் பகல் முழுதும் காய்ந்தது வீண். நெத்திலிக்கு நல்ல வெயிலில் இரண்டு நாள், பிளந்த மீனுக்கு மூன்று நான்கு நாள். தடித்த பகுதியை விரலால் அழுத்தினால் தடம் பதியக் கூடாது. ஒரு கிலோ பச்சை நெத்திலி காய்ந்து ஏறத்தாழக் கால் கிலோவாகும். அதனைக் கண்டு மனம் தளர வேண்டாம், போனது நீர்தான்.

நெத்திலியைக் குடல் நீக்காமல் உலர்த்துவது ஆகுமா என்று வினவும் சகோதரிகள் உண்டு. மிகச் சிறிய மீனின் வயிற்றைத் துப்புரவு செய்வது கடினம் என்பதால் ஷாஃபிஈ ஃபிக்ஹு நூலார் அதனை மன்னித்துச் சலுகை தந்துள்ளனர். பெரிய மீனுக்கு அச்சலுகை இல்லை. மேலும் ஐயமிருப்பின் தத்தம் ஊர் ஆலிமிடம் கேட்டறிதல் நலம். கூடியவரை தலையையும் குடலையும் சேர்த்துக் கிள்ளி எடுத்துவிடுவதே என் வழக்கம், கசப்பும் இராது.

ஓர் எச்சரிக்கை. மீதமாகி வாடிய மீனைக் கருவாடாக்கலாம் என்னும் எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. அது பெருந்தவறு. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி, நெத்திலி முதலியவை பனிக்கட்டியின்றி வெப்பத்தில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்னும் நச்சுப்பொருள் உண்டாகின்றது. உப்போ நெருப்போ அதனை அழிப்பதில்லை. உண்டவர்க்கு முகம் சிவந்து, உடல் அரித்து, தலைவலியும் வயிற்றுப்போக்கும் காணும். ஆதலால் கூடையில் பளபளப்போடு இருக்கும்போதே உப்பிலிட வேண்டும். சேமித்ததில் செந்நிறப் புள்ளிகள் படர்ந்து துர்நாற்றம் வீசினால், உப்பிலேயே வாழும் ஒருவகை நுண்ணுயிர் பற்றியது என்று அறிந்து எறிந்துவிடுக. இரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் உடையோர்க்குக் கருவாடு உகந்ததன்று. மற்றையோரும் சமைக்குமுன் வெந்நீரில் ஊறவைத்து, நீரை இரண்டு முறை மாற்ற வேண்டும்.

மீன் கழுவிய நீரை, உப்புச் சேராததாயின், கொல்லை முருங்கைக்கு ஊற்றலாம். குடலையும் செவுளையும் மண்ணில் ஆழப் புதைத்தால் நல்ல உரம். முருங்கை இல்லாத வீட்டார் பெரியகுளத்தில் உருவாக்கப்பெற்ற பி.கே.எம்.1 விதையை ஊன்றலாம். ஆறேழு மாதத்தில் காய்க்கும், மணற்பாங்கான நிலமும் அதற்கு ஒத்துக்கொள்ளும். நெத்திலிக் கருவாடும் முருங்கைக்காயும் மாங்காயும் சேர்ந்த ஆணத்தைப் பற்றி இங்கே எழுதப் புகுந்தால் கட்டுரை நீண்டுவிடும்.

2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கி வந்தபோது காரைக்கால் கடலோரக் கிராமங்களில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவற்றுள் காரைக்கால்மேடும் ஒன்று. உயிர்கள் போயின; படகும் வலையும் வீடும் போயின. கடல் மீனை உண்ணவே மக்கள் அஞ்சிய வாரங்கள் அவை. கூடையைச் சுமந்து மீண்டும் நம் வாயிலுக்கு வந்த பெண்கள் எத்தகைய இழப்பைத் தாங்கி வந்தார்கள் என்பதை நாம் அப்போது கேட்டோமா? பெரும்பாலும் விலையைத்தான் கேட்டோம். மலிவான நாளில் அவர்களிடமே நாலைந்து கிலோவாகச் சேர்த்து வாங்கி, அறுத்துத் தரும் கூலியையும் குறைக்காமல் கொடுத்தால், அவர்களுக்கும் மீன் வீணாகாது. நமக்கும் வைகாசிக்குக் கருவாடு இருக்கும்.

என் இரண்டாம் முயற்சிக்கு அந்த அக்காவே வந்து நின்றார். மூன்று கிலோ வாளை. உப்பை அவரே கைநிறைய அள்ளிப் போட்டார். நான்காம் நாள் மாலை ஒரு துண்டை எடுத்து ஒடித்துப் பார்த்தார், முகர்ந்தார், விரலால் அழுத்தினார். "வால் பக்கம் சரி. நடுவிலே இன்னும் ஒரு வெயில் கேக்குது. நாளைக்கும் போடுங்க," என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார்.