பிள்ளைக் கணக்கை யார் போடுவது?

விடியுமுன்னே தேனி மாவட்டத்தின் கம்பத்திலும் போடியிலும் ஜீப்புகள் கிளம்பிவிடும். மலை வளைவுகளில் ஏறி கேரளத்து இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் போகும் அவற்றில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். முப்பது வயதைத் தொடுமுன் இரண்டு பிள்ளை, அதோடு 'ஆபரேஷன்' என்று முடித்துக்கொண்டவர்கள் அவர்களில் நிறையப் பேர். "ஜனத்தொகையைக் குறைத்தால்தான் பூமி பிழைக்கும்" என்கிறவர்கள் இவர்களிடம் சொல்ல இனி எதுவும் மிச்சமில்லை.

ஒரு தலைமுறை தன் எண்ணிக்கையை நிரப்ப, பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தை வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டின் சராசரி 1.8. அப்புறமும் ஏன் கூட்டம் கூடுகிறது? தேனி மாவட்ட மக்கள்தொகை 2001இல் 10.94 லட்சம், 2011இல் 12.46 லட்சம். முன்பு அதிகமாகப் பிறந்த பெண்கள் வளர்ந்து தாயாகும் காலம் இது. ஆளுக்கு ஒன்றிரண்டே பெற்றாலும், பெறுகிறவர்கள் அதிகம். ஆயுளும் கூடியிருக்கிறது. இதைத்தான் மக்கள்தொகை உந்தம் என்கிறார்கள்; அது அடங்கப் பல பத்தாண்டுகள் பிடிக்கும்.

சரி, சுற்றுச்சூழல்? 1968இல் 'மக்கள்தொகை வெடிகுண்டு' எழுதிய பால் எர்லிக்கே, 1971இல் ஜான் ஹோல்ட்ரனோடு சேர்ந்து, சூழல் பாதிப்பில் தலைக்கணக்கு மட்டும் போதாது, தலைக்கு எவ்வளவு நுகர்கிறோம் என்பதும் சேரவேண்டும் என்றார். கம்பம் பள்ளத்தாக்கிலேயே பார்க்கலாம். 1895இல் முடிந்த முல்லைப்பெரியாறு அணையின் தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. பக்கத்திலேயே பன்னீர் திராட்சைக்கு ஆழ்துளைக் கிணறுகள். அந்தத் திராட்சை பெட்டி பெட்டியாக வெளியூர் போகிறது. பள்ளத்தாக்கின் தண்ணீரும் கூடவே போகிறது. ஏலத்தோட்டப் பெண்ணின் பிள்ளைகளை இதற்குப் பொறுப்பாக்குவது அறிவியல் இல்லை.

ஆனால் விலை கொடுத்தது அவள்தான். அதே குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண் அறுவையை நம்பியிருக்கும் தம்பதிகள் 0.1 சதவீதம். பெண்ணுக்கு வயிற்றில் கீறிக் கருக்குழாயை அடைக்கவேண்டும். ஆணுக்கோ சில நிமிட வேலை, அன்றே வீடு திரும்பலாம்.

சிறு குடும்பம், அதிலும் ஓர் ஆண் பிள்ளையாவது என்ற நெருக்கடி பெண் சிசுக்களையும் பலிவாங்கியது. வேண்டாமென்று விடப்படும் பெண் குழந்தைகளை அரசே ஏற்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தேனிக்கும் வந்தது அதனால்தான்.

இப்போது காற்று திசை மாறியிருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கில் நடக்கும் தொகுதி மறுவரையறையில் தமிழ்நாடு நாடாளுமன்ற இடங்களை இழக்கும் என்ற கவலையில் "நிறையப் பெறுங்கள்" என்ற பேச்சு. கவலை நியாயமானது. ஆனால் குறைக்கச் சொன்னதும் கூட்டச் சொல்வதும் ஒரே கருப்பையிடம்! நாட்டு வறுமைக்காகவோ உடல்நலத்துக்காகவோ அல்ல, பெண்ணின் விடுதலைக்காகவே கர்ப்பத்தடை வேண்டும் என்று பெரியார் 1930லேயே 'குடி அரசு' இதழில் வாதாடினார். தொண்ணூறு ஆண்டுக்கு மேலாகியும் அரசியல் மேடைகள் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை.

ஆண்டுதோறும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை அரசு வாசக்டமி (ஆண் கருத்தடை) இருவார விழா நடத்துகிறது. தழும்பில்லாத சிகிச்சை, அரசு மருத்துவமனைகளில் இலவசம், ஊக்கத்தொகையும் உண்டு. வீட்டு ஆண்கள் அந்தத் தேதிகளைக் குறித்துவைத்துக்கொள்ளலாம்.