சொல்லக் கூசும் நோயும் சொல்லாது உண்ணும் மருந்தும்



நெஞ்சு நோகிறதென்று சொல்லக் கூசுவார் எவருமில்லை. நீரிழிவு கண்டிருக்கிறதென்று விருந்து வீட்டிலே பலர் முன்னிலையில் சொல்லிப் பாயசத்தை விலக்கி வைக்கிறோம். ஆனால், மனையாளோடு கூடி வாழும் ஆற்றல் தளர்ந்துவிட்டதென்று ஓர் ஆண்மகன் உணரும்போது அவன் வாய் அடைத்துப் போகிறது. வைத்தியரிடம் சொல்வதில்லை, மனைவியிடமும் சொல்வதில்லை. தன்னை அறியாத ஓர் ஊரின் மருந்துக்கடையைத் தேடிப் போய், தாழ்ந்த குரலில் ஒரு குளிசையைக் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் மறைத்துக் கொள்கிறான். இந்த மௌனத்தால் விளையக்கூடிய இரண்டு கேடுகளைப் பற்றியும், அவற்றைத் தவிர்க்கும் வழியைப் பற்றியும் இன்று பேச எண்ணுகிறேன்.

முதலிலே பெயரைத் திருத்திக் கொள்வோம். இந்நோயை நம்மவர் ‘ஆண்மைக் குறைவு’ என்று வழங்குகின்றனர். குருதியோட்டத்தில் நேரும் ஒரு குறைக்கு ஆண்மையின் பெயரைச் சூட்டிவிட்டபடியால், அதைச் சொல்ல வேண்டியவனே சொல்ல நாணுகிறான். ‘விறைப்புக் குறைபாடு’ என்பதே பொருத்தமான பெயர். குறியானது புணர்ச்சிக்கு வேண்டிய விறைப்பை அடையாமலோ, அடைந்த விறைப்பு நிலைக்காமலோ தொடர்ந்து போகுமாயின் அதுவே இக்குறைபாடு. களைப்பாலோ கவலையாலோ என்றோ ஒருநாள் நேர்வது நோயன்று. அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்தில் 1987ஆம் ஆண்டு முதல் 1989ஆம் ஆண்டு வரை, 40க்கும் 70க்கும் இடைப்பட்ட வயதுடைய ஆண்களை ஆராய்ந்தபோது, சிறிதளவிலோ பெரிதளவிலோ இக்குறைபாடு உடையோர் நூற்றுக்கு 52 பேர் எனக் கண்டனர். எனவே, தனக்கு மட்டுமே நேர்ந்த இழிவு இதுவென்று எவரும் மனம் குன்ற வேண்டுவதில்லை.

உடலின் தொழிற்பாட்டைச் சிறிது அறிந்துகொண்டால் ஏனையவை எளிதில் விளங்கும். கந்தளாய்க் குளத்து நீர் வயலுக்கு வரும் முறையைத் திருகோணமலை மாவட்டத்தார் நன்கறிவர். மடையைத் திறந்தால் நீர் பாயும்; மூடினால் நின்றுவிடும். குறியின் உள்ளே கடற்பஞ்சு போன்ற இழையத்தாலான இரு தண்டுகள் உள்ளன. மனத்திலே இச்சை எழும்போது நரம்புகளின் வழியே செய்தி இறங்குகிறது. அப்போது நைத்திரிக்கு ஒட்சைட்டு என்னும் வாயு அவ்விடத்திலே உண்டாகிறது. அதன் ஏவலால் வேறொரு பொருள் பிறந்து குருதிக் குழாய்களின் தசையைத் தளர்த்துகிறது. அதுவே மடை திறத்தல். குருதி பாய்ந்து இழையம் நிறைகிறது. நிறைந்த இழையம், குருதி வெளியேறும் நாளங்களை அழுத்தி அதனைத் தேக்கிக் கொள்கிறது. பின்னர் ஒரு நொதியம் அப்பொருளைச் சிதைத்து மடையை மூடிவிடுகிறது. ஆகவே மனம், நரம்பு, ஓமோன், குருதிக்குழாய் என்னும் நான்கில் எது பழுதுற்றாலும் விறைப்புக் குன்றும்.

நடுவயதைக் கடந்தோரிடத்துப் பெரும்பாலும் பழுதுறுவது குருதிக்குழாயே. நீரிழிவும், உயர் குருதி அமுக்கமும், மிகுந்த கொழுப்பும், புகையிலையும் குழாயின் உட்சுவரைக் கெடுக்கின்றன. நீரிழிவோ நரம்பையும் உடன் கெடுக்கிறது. நம் நாட்டிலே 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடந்த ஆய்வொன்றில், 20 வயதைக் கடந்தோருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தமை தெரியவந்தது. இருப்பதை அறியாமலே அந்நோயுடன் வாழ்வோரும் பலர்.

இங்கேதான் மௌனத்தின் முதற்கேடு தோன்றுகிறது. குறிக்குச் செல்லும் நாடி ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீற்றர் அகலமே உடையது. இருதயத்தசைக்குக் குருதியூட்டும் நாடியோ 3 முதல் 4 மில்லிமீற்றர் அகலமுடையது. வாய்க்கால்களில் வண்டல் படியும்போது பெரிய வாய்க்கால் ஓடிக்கொண்டிருக்க, கடைக்கோடியிலுள்ள சிறு வாய்க்காலே முதலில் வற்றுகிறதல்லவா? அவ்வாறே கொழுப்புப் படிவு இருதயத்தில் நோவை உண்டாக்குமுன் இச்சிறு நாடியிலே தன்னைக் காட்டிவிடுகிறது. இருதய நோயாளர் பலரிடத்தே விறைப்புக் குறைபாடு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் முந்தித் தோன்றியிருத்தலை ஆய்வாளர் கண்டுள்ளனர். நாற்பத்தைந்து வயதில் இக்குறை புதிதாய்த் தோன்றிய ஒருவர் நாணத்தை விட்டு வைத்தியரிடம் சென்றால், குருதியிலுள்ள வெல்லமும், அமுக்கமும், கொழுப்பும் அளக்கப்படும். வரவிருக்கும் மாரடைப்பைத் தடுக்கவும் காலம் கிடைக்கும். மறைவாகக் குளிசையை வாங்கி உண்டால் குறை மறையும், நோய் வளரும்.

குருதிக்குழாய் ஒன்றே காரணமென்று கொள்ளலும் ஆகாது. மிகுந்த மதுவும் கசிப்பும் நரம்பைத் தளர்த்தும். முதுகுத்தண்டில் நேர்ந்த காயமும், புரஸ்தத சுரப்பியிற் செய்த சத்திரசிகிச்சையும் நரம்பு வழியை அறுக்கக்கூடும். அமுக்கத்துக்கு உண்ணும் சில மருந்துகளும் மனச்சோர்வுக்கு உண்ணும் சில மருந்துகளும் இக்குறையைத் தரலாம். அவற்றைத் தாமாக நிறுத்துதல் பேராபத்து. வைத்தியரிடம் சொன்னால் மாற்று மருந்து தருவார். மனமும் பெருங்காரணமே. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும், 2009இல் முடிவுற்ற நீண்ட போரும் இக்கரையோரக் குடும்பங்களுக்கு விட்டுச்சென்ற துயரம் சிறிதன்று. துயரமும், கடனும், உறக்கமின்மையும், ஒருமுறை தவறியபின் மறுமுறையும் தவறுமோ என்ற அச்சமும் மடையை அடைக்க வல்லவை. துயிலெழும்போது விறைப்பு இயல்பாய் இருந்து, மனைவியை அணுகும்போது மட்டும் அது குன்றுமாயின் காரணம் பெரும்பாலும் மனத்தில் உள்ளதென்று வைத்தியர் கருதுவர். அங்கே குளிசையினும் ஆறுதலான உரையாடலே சிறந்த மருந்தாதலும் உண்டு.

இனி, மருந்தைப் பற்றிப் பார்ப்போம். இங்கிலாந்திலே கென்ற் மாகாணத்து சான்ட்விச் என்னும் ஊரில் பைசர் நிறுவனத்து ஆய்வாளர், இருதய நோவுக்கென ஒரு மருந்தை ஆராய்ந்தனர். அந்நோவுக்கு அது எதிர்பார்த்தவாறு பயன்படவில்லை. ஆயினும் அதை உண்டோரிடத்து வேறொரு விளைவு தென்பட்டது. அதுவே சில்டெனாபில். 1998ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27ஆந் திகதி அமெரிக்க அரசு அதனை விறைப்புக் குறைபாட்டுக்கு அங்கீகரித்தது. வயாக்ரா என்பது அதன் வியாபாரப் பெயர். அதே ஆண்டில், நைத்திரிக்கு ஒட்சைட்டு உடலிலே செய்தி கொண்டுசெல்லும் விதத்தைக் கண்டமைக்காக பேர்ச்கொட், இக்னாரோ, முராட் என்னும் மூவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. தடாலாபில், வார்டெனாபில் முதலியன பின்னர் வந்தன. இவையாவும் செய்யும் வேலை ஒன்றே: மடையை மூடவரும் நொதியத்தின் கையைப் பிடித்துக் கொள்கின்றன. மடையைத் தாமே திறப்பதில்லை. ஆகையால் இச்சையில்லாதவனுக்கு இக்குளிசை இச்சையைத் தராது, கருத்தரித்தலைத் தடுக்காது, பால்வினை நோயிலிருந்தும் காவாது.

சில்டெனாபிலைப் பொதுவாக 50 மில்லிகிராம் அளவில், வேண்டிய வேளைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னர் உண்பர். அறுபத்தைந்து வயதைக் கடந்தோருக்கும், ஈரல் அல்லது சிறுநீரகம் நலிந்தோருக்கும் 25 மில்லிகிராமில் வைத்தியர் தொடங்குவது வழக்கம். ஒருநாளில் ஒரு தடவைக்கு மேல் உண்ணலாகாது. 100 மில்லிகிராமைக் கடத்தலும் ஆகாது. கொழுப்பு மிகுந்த உணவோடு உண்டால் மருந்து தாமதித்தே வேலை செய்யும். அதைக் கண்டு பயனில்லையென்றெண்ணி இன்னொன்றை விழுங்குதல் தவறு. தடாலாபிலின் செயல் 36 மணி நேரம் வரையும் நீடிக்கும். தலையிடி, முகம் சிவத்தல், மூக்கடைப்பு, பார்வையில் இளநீலம் தோன்றல் ஆகியவை நேரலாம். பெரும்பாலும் அவை தாமே நீங்கும். ஆனால் கண் பார்வையோ செவிப்புலனோ திடீரெனக் குன்றினாலும், விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலும் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். நாணத்தால் விடியும்வரை காத்திருந்தால் உறுப்பே நிலையாகக் கெட்டுவிடும்.

மௌனத்தின் இரண்டாவது கேடு இதனிலும் கொடியது. இருதய நோவுடையோர் நாக்கின் கீழ் வைக்கும் ஒரு சிறு குளிசையை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஜி.ரீ.என். என்று சொல்லப்படும் கிளிசரைல் திரைநைத்திரேற்று அது. அல்பிரட் நோபல் டைனமைற்றுச் செய்த நைத்திரோகிளிசரீனே இப்பொருள். அவருடைய முதுமையிலே அவருக்கே வைத்தியர் இதனை இருதய நோய்க்கு எழுதிக் கொடுத்தனர் என்பது விதியின் விளையாட்டு. இம்மருந்து உடலெங்கும் குருதிக்குழாய்களின் மடைகளைத் திறந்துவிடுகிறது. சில்டெனாபிலோ மடையை மூடும் கையைப் பிடித்து வைத்திருக்கிறது. இரண்டும் ஒருங்கு சேர்ந்தால் திறந்த மடையை மூடுவாரில்லை. குருதி அமுக்கம் சடுதியாக விழுந்து, மூளைக்கும் இருதயத்துக்கும் குருதி எட்டாமல் உயிரே போகலாம்.

திருகோணமலையிலிருந்து பலநாட் படகிலே ஆழ்கடலுக்குப் போகும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். முதல்நாள் இரவு, எவருக்கும் சொல்லாமல் ஒரு குளிசை உண்டிருக்கிறார். கடலிலே நெஞ்சு நோகிறது. கூட வந்தவர் அன்பினாலே தம் பையிலிருந்த குளிசையை எடுத்து அவர் நாக்கின் கீழ் வைக்கிறார். உதவியென்று செய்தது அங்கே நஞ்சாகிறது. இவ்வாறு நேராதிருக்க மூன்று விதிகளை நினைவிற் கொள்ளுங்கள். நைத்திரேற்று மருந்தைத் தொடர்ந்து உண்போர் சில்டெனாபில் இனத்து மருந்தை ஒருபோதும் உண்ணலாகாது. ஐசோசோர்பைட் மொனோநைத்திரேற்று, ஐசோசோர்பைட் டைநைத்திரேற்று, நிக்கொரண்டில் ஆகியவற்றுக்கும் இவ்விதி பொருந்தும். சில்டெனாபில் உண்டவர் 24 மணி நேரத்துக்கும், தடாலாபில் உண்டவர் 48 மணி நேரத்துக்கும் நைத்திரேற்றை ஏற்கலாகாது. அவ்வேளையில் நெஞ்சு நொந்தால் நாக்கின் கீழ் எதனையும் வையாது, கரையிலுள்ளோர் 1990 என்ற இலக்கத்தில் நோயாளர் ஊர்தியை அழைத்து, எந்தக் குளிசையை எப்போது உண்டோமென்பதைத் தாமே முந்திச் சொல்லல் வேண்டும். அந்த ஒரு வாக்கியம் உயிரைக் காக்கும். அதைக் கேட்டு எந்த வைத்தியரும் நகைக்கமாட்டார்.

பிராசோசின், தம்சுலோசின் போன்ற மருந்துகளை அமுக்கத்துக்கோ சிறுநீர்த் தடைக்கோ உண்போரும் வைத்தியரின் அறிவுரையின்றி இதனைத் தொடலாகாது. அண்மையில் மாரடைப்போ பாரிசவாதமோ கண்டவர்கள் முதலில் இருதயத்தின் நிலையை அறிதல் வேண்டும். இரண்டு மாடிப் படிகளை விரைந்து ஏறி நெஞ்சு நோகாதிருத்தலை வைத்தியர் ஓர் அளவுகோலாகக் கொள்வர். கோணேசர் சந்நிதிக்கு ஏறும்போதே நெஞ்சை அழுத்துகிறதென்பவர், குளிசையைப் பற்றி எண்ணுமுன் இருதயத்தைப் பற்றி எண்ணுக.

வியாபாரப் பெயர்கள் பல, மருந்தோ ஒன்று. 1971ஆம் ஆண்டு அரச மருந்துப்பொருட்கள் கூட்டுத்தாபனம் தோன்றியபோது அதன் முதற் தலைவராயிருந்த பேராசிரியர் சேனக்க பிபிலே, மருந்தைப் பொதுப் பெயரால் வழங்கவேண்டுமென வற்புறுத்தியவர். அவ்வறிவுரை இங்கு மிகவும் பயன்படும். பெட்டியின் மேல் எந்தப் பெயர் இருப்பினும் பொதுப் பெயரைத் தேடிப் படியுங்கள். இன்றேல் ஒரே மருந்தை இரு பெயர்களில் உண்ண நேரும். இது வைத்தியரின் துண்டுக்கே விற்கப்பட வேண்டிய மருந்து. துண்டின்றி ஒளித்து விற்கப்படுவதில் எவ்வளவு மருந்துண்டு, என்ன கலந்துண்டு என்பதற்குப் பொறுப்பாளி எவருமில்லை. மூலிகை மட்டுமே என்று விளம்பரம் செய்யப்படும் லேகியங்களிலும் மாத்திரைகளிலும் சில்டெனாபில் இரகசியமாய்க் கலக்கப்பட்டிருந்ததைப் பல நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுச் சபைகள் கண்டுபிடித்துள்ளன. நாக்கின் கீழ்க் குளிசை வைப்பவர் அத்தகைய லேகியத்தை உண்டால் விளைவு யாதென்பது சொல்லாமலே விளங்கும். இதனால் நம் சித்த வைத்தியத்தைப் பழிப்பதாகக் கொள்ளவேண்டாம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலே சித்த மருத்துவம் முறைப்படி கற்பிக்கப்படுகிறது. கற்றறிந்த சித்த வைத்தியர் வேறு. சுவரொட்டி வைத்தியர் வேறு.

சரி, யாரிடம் செல்வது? திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையிலும், கிண்ணியா, மூதூர், கந்தளாய் வைத்தியசாலைகளிலும் உள்ள வைத்தியரிடம் இதனைச் சொல்லலாம். வரிசையில் நிற்போர் கேட்பார்களே என்ற தயக்கமிருந்தால், ‘தனியே பேச வேண்டும்’ என்று ஒரு தாளில் எழுதி நீட்டினாலும் போதும். நீங்கள் உண்ணும் எல்லா மருந்துகளின் அட்டைகளையும் உடன் கொண்டு செல்லுங்கள். அவ்வாறே மனைவியிடமும் சொல்லுங்கள். காரணம் அறியாத மனைவி, கணவனின் அன்பு வேறிடம் போயிற்றென்று எண்ணி உள்ளுக்குள் உருகுவாள். அறிந்தவளோ வைத்தியரிடம் போகும் துணையாவாள். ஆபத்து வேளையில், அவர் உண்ட குளிசை இன்னதென்று சொல்லக்கூடியவளும் அவளே.

புகையிலையை விடுதல், மதுவைக் குறைத்தல், நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடத்தல், வெல்லத்தையும் அமுக்கத்தையும் கட்டுப்படுத்துதல் ஆகியவை விறைப்பையும் காக்கும், இருதயத்தையும் காக்கும். குளிசை அவற்றுக்குத் துணையேயன்றி மாற்றன்று. அதனைத் தக்கார்க்குத் தக்க அளவில், வைத்தியர் அறிய உண்டால் இல்லறத்துக்கு நன்மை செய்யும். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, நீரிழிவைச் சொல்லும் அதே குரலில் இதனையும் சொல்லிவிடுங்கள்.